பிரசவத்துக்கு வீடு முக்கியமா, மருத்துவச்சி முக்கியமா?

செராமிக் பொம்மைக்கும் பியூஸ் கேரியருக்கும் பேர்போன விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், மணிமுத்தாற்றங்கரையில் இருக்கிறது நல்லூர். இந்தப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் உத்திரத்தைக் கைகாட்டி, "இதுல கயித்தக் கட்டி, அதப் புடிச்சுக்கிட்டுதான் உங்கப்பனப் பெத்தேன்" என்று சொல்லும் ஆயாக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் பேத்திக்கு ஏழாவது மாதம் என்று வைத்துக்கொள்வோம். கையில் செல்போன். அதில் ஒரு பெண் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு பிள்ளையை வாரி எடுக்கும் வீடியோ. ஆஸ்பத்திரிக் கட்டிலும் கத்தியும் நினைவுக்கு வந்தாலே அவளுக்கு வயிற்றைப் பிசைகிறது. "ஆயா, நானும் வீட்டுலயே பெத்துக்கட்டுமா?"

ஆயாக்கள் இதற்குச் சட்டென்று பதில் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குத் தங்கிய பிள்ளைகளும் நினைவிருக்கும், தங்காமல் போன பிள்ளைகளும் நினைவிருக்கும். அடுத்த தெருவில் பிள்ளைப் பேற்றோடு போய்ச் சேர்ந்த மருமகளையும் மறந்திருக்க மாட்டார்கள்.

பேத்தியின் ஆசையில் தவறில்லை. ஆயாவின் தயக்கத்திலும் தவறில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா என்பதுதான் கேள்வி.

மருத்துவச்சி கையில் என்ன இருந்தது?

அந்தக் காலத்தில் வலி கண்டதும் ஆள் அனுப்புவது மருத்துவச்சிக்குத்தான். பெரும்பாலும் ஊரில் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்தான் அந்த வேலையைப் பரம்பரையாகச் செய்தார். படிப்பு கிடையாது. ஆனால் நூற்றுக்கணக்கான பிரசவம் பார்த்த கைப்பழக்கம் இருந்தது.

அவர் செய்தவற்றில் பல, இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்பவை. வலி வந்தவளைப் படுக்கவிடாமல் நடக்க வைத்தார். குந்த வைத்தார். கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி முக்கச் சொன்னார். இடுப்பைப் பிடித்துவிட்டார். கஞ்சி குடிக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேல், ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பிரசவப் பராமரிப்புக்கு வெளியிட்ட பரிந்துரைகளைப் பார்த்தால் ஆயாவுக்கே சிரிப்பு வரும். விருப்பமானவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், நடமாட விட வேண்டும், நிமிர்ந்த நிலையில் இருக்க ஊக்கப்படுத்த வேண்டும், தண்ணீரும் உணவும் தரலாம் என்று அதில் இருக்கிறது.

ஆனால் மருத்துவச்சியிடம் இல்லாதவையும் இருந்தன. கொடியை அறுத்தது அரிவாளாலோ மூங்கில் சிம்பாலோ. அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ பூசும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அந்த வழியாக நுழைந்த ரண ஜன்னிக் கிருமி, பிறந்த சில நாட்களிலேயே எத்தனையோ குழந்தைகளைக் கொண்டுபோனது. கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, சுத்தமான பிரசவம் என்ற இரண்டாலும்தான் 2015-ல் இந்தியா அந்த நோயைக் கட்டுப்படுத்திய நாடானது.

ரத்தம் நிற்காமல் போனால் நிறுத்த மருத்துவச்சியிடம் மருந்து இல்லை. பிள்ளை குறுக்கே கிடந்தால் திருப்பத் தெரிந்தவரும் சிலர்தான். வண்டி கட்டி விருத்தாசலம் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும்.

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

நல்லூரும் திண்டிவனமும் ஒரு காலத்தில் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் நடந்த ஒரு சம்பவம் புகழ்பெற்றது. மிஷனரி மருத்துவரின் மகளான, நோயுற்ற அம்மாவைக் கவனிக்க அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணின் வீட்டுக் கதவை, ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்துத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். "என் அப்பா டாக்டர், அவர் வருவார்" என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வருவதை மூன்று குடும்பமும் ஏற்கவில்லை. மருத்துவம் படிக்காத ஐடாவால் போக முடியவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த ராத்திரிதான் அவரை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900-ல் டாக்டராகத் திரும்பி வந்து வேலூரில் அவர் தொடங்கிய சிறிய மருத்துவப் பணிதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை.

அந்த மூன்று வீட்டிலும் உறவுக்காரப் பெண்கள் சுற்றி நின்றிருப்பார்கள். இல்லாமல் போனது, சிக்கலைத் தீர்க்கத் தெரிந்த ஒரு பெண்ணின் கை.

சென்னை எழும்பூரில் 1844-லேயே பிரசவ மருத்துவமனை வந்துவிட்டது. 1926-ல் செவிலியர், மருத்துவச்சிகளைப் பதிவு செய்வதற்கான சட்டமும் சென்னை மாகாணத்தில் வந்தது. ஆனால் அந்தப் பயிற்சி நல்லூர் போன்ற ஊர்களின் வாசலுக்கு வந்துசேர வெகுகாலம் ஆனது.

இலங்கை காட்டிய வழி

அதே 1926-ல் இலங்கையின் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற மருத்துவ மாதுக்களை ஊர் ஊராக அனுப்பியது அந்தத் திட்டம். அவர்கள் கர்ப்பிணிகளை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், சாதாரணப் பிரசவங்களை வீட்டிலேயே பார்த்தார்கள், சிக்கல் தெரிந்தால் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

1930-களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். பயிற்சி பெற்ற மருத்துவ மாதுக்களும், மருத்துவமனைகளும், மலேரியா ஒழிப்பும், பெண் கல்வியும் சேர்ந்து சில பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கையைச் சரசரவென்று குறைத்தன. பின்னாளில் பிரசவங்கள் கிட்டத்தட்ட எல்லாமே மருத்துவமனைக்கு மாறின. ஆனால் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் மருத்துவ மாது இன்றும் அங்கே தொடர்கிறார்.

தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் செய்வது இதற்கு நெருங்கிய வேலைதான். ஊர்க்காரர்களுக்கு அவர் 'நர்சம்மா'. கர்ப்பத்தைப் பதிவு செய்வது, ஊசி போடுவது, ரத்தசோகை மாத்திரை கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இன்று தமிழ்நாட்டில் 100-க்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள் இறக்கிறார்கள். இந்தியச் சராசரி அப்போது 97.

பிறகு ஏன் வீடு வேண்டும் என்கிறார்கள்?

காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனையில் 64. அரசு மருத்துவமனையில் 36. இந்தியாவின் சராசரி 21.5-தான். 'போனாலே கத்தி வைத்துவிடுவார்கள்' என்ற பயம் காற்றில் முளைத்ததல்ல.

இன்னொன்று தனிமை. உறவுகளை வெளியே நிறுத்திவிட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து, 'கத்தாதே' என்று அதட்டும் பிரசவ அறையைப் பற்றிக் கேள்விப்படும் பெண்ணுக்கு, வீடு பாதுகாப்பாகத் தெரிவது இயல்பு.

ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாக யூடியூபை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2018 ஜூலையில் திருப்பூர் பார்த்தது. பயிற்சி பெற்ற யாரும் உடன் இல்லாமல், வீடியோக்களின் துணையோடு வீட்டில் பிரசவம் நடந்தது. குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. 28 வயது ஆசிரியை இறந்துபோனார்.

குழந்தை பிறந்த பின் நஞ்சு பிரிந்து வரும்போது, அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்திருக்கும். கர்ப்பப்பை கல்போல் சுருங்கினால்தான் அவை மூடும். சுருங்காவிட்டால், ஆரோக்கியமான பெண்கூட ஒன்றிரண்டு மணி நேரத்தில் உயிரிழக்கக்கூடும். யாருக்குச் சுருங்காது என்று முன்கூட்டி முழுமையாகச் சொல்ல முடியாது. குழந்தை பிறந்ததும் தொடையில் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. எந்த வீடியோவாலும் அந்த ஊசியைப் போட முடியாது.

வெளிநாட்டில் நடக்கிறதே?

நடக்கிறது. ஆனால் எப்படி என்பதைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் வீட்டுப் பிரசவம் அரசு மருத்துவச் சேவையின் ஒரு பகுதி. வருபவர் பட்டம் பெற்ற மருத்துவச்சி. குழந்தை பிறக்கும் நேரத்துக்கு வழக்கமாக இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் தாய்க்கு, ஒருவர் குழந்தைக்கு. குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கும் கருவி, ஆக்ஸிடோசின், குழந்தை மூச்சுவிடச் சிரமப்பட்டால் காற்றுக் கொடுக்கும் பை என எல்லாம் கூடவே வரும். பிரஷர், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, முன்பு சிசேரியன் என்று எதுவும் இல்லாத பெண்களுக்குத்தான் இதைப் பரிந்துரைப்பார்கள்.

அங்கே சுமார் 64,000 பெண்களைக் கவனித்த பெரிய ஆய்வு 2011-ல் வெளியானது. இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் குழந்தையின் பாதுகாப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தலைப்பிரசவத்தில் வித்தியாசம் இருந்தது. குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு, மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5 என்றால் வீட்டில் 9. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் 100-க்கு 45 பேரை நடுவிலோ முடிவிலோ மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது.

அதாவது, இத்தனை ஏற்பாடு உள்ள நாட்டிலேயே தலைப்பிரசவக்காரர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஆம்புலன்ஸ் வேண்டியிருந்தது. நல்லூரில் வீட்டுக்கு வந்து பிரசவம் பார்க்கும் அப்படியொரு ஏற்பாடு இல்லை.

இந்தியாவும் மருத்துவச்சியை மீண்டும் கொண்டுவர முயல்கிறது. 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, செவிலியர்களுக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி கொடுத்து, அவர்கள் தலைமையில் இயல்பான பிரசவம் பார்க்கும் பிரிவுகளை மருத்துவமனைகளிலேயே அமைக்க வேண்டும். ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை 2011-லிருந்தே இப்படி மருத்துவச்சிகளை உருவாக்கி வருகிறது. மருத்துவச்சியின் பொறுமையும் மருத்துவமனையின் வசதியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வீட்டைக் கொண்டுவரலாம்

சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இயல்பான பிரசவம் பார்ப்பவர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற செவிலியர்தான். ஒரு வகையில் அவர்தான் இன்றைய மருத்துவச்சி. அங்கே ஆபரேஷன் தியேட்டர் இல்லாவிட்டால் அவசரத்துக்கு விருத்தாசலம் அரசு மருத்துவமனை இருக்கிறது. நடுவே ஓட 108 இருக்கிறது.

பேத்தி ஆசைப்பட்டவற்றில் பெரும்பகுதியை அங்கேயே கேட்டு வாங்க முடியும். பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்க அனுமதிக்கும் திட்டம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லிருந்தே இருக்கிறது. இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் கேட்கலாம்.

எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே நர்சம்மாவிடம் பேசிவிடுவது நல்லது. "வலி வர்றப்ப நடக்கலாமா? தண்ணி, கஞ்சி குடிக்கலாமா? குந்தியோ பக்கவாட்டில் படுத்தோ பெத்துக்கலாமா? எங்க ஆயாவ உள்ள விடுவீங்களா?" வலியின் நடுவில் கேட்டால் சண்டையாகும். முன்பே கேட்டால் பேச்சாகும்.

வீட்டில் செய்ய வேண்டிய தயாரிப்பு

*பதிவு:* மூன்று மாதத்துக்குள் நர்சம்மாவிடம் பதிவு செய்து ஆர்.சி.எச். எண் வாங்குங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அது தேவை. இந்தத் திட்டத்தின் மதிப்பு 18,000 ரூபாய். இதில் 14,000 பணமாகவும், 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் கிடைக்கும்.

*ரத்தம்:* ஹீமோகுளோபின் 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை. ரத்தசோகை உள்ளவருக்குக் கொஞ்சம் ரத்தம் போனாலே ஆபத்து. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் எலுமிச்சை ஜூஸோடு போடலாம். டீ, காபியோடு வேண்டாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, நிலக்கடலை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவைதான்.

*உடம்பு:* தினமும் அரை மணி நேரம் நடை. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லவில்லை என்றால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்வது, குந்தி எழுவது போன்ற வழக்கமான வேலைகளைச் செய்யலாம். செராமிக் பட்டறையிலோ வயலிலோ வேலை பார்ப்பவர்கள் பாரம் தூக்குவதையும், வெகுநேரம் நிற்பதையும் குறைக்க வேண்டும்.

*மூச்சு:* மூக்கால் மெதுவாக இழுத்து, வாயால் அதைவிட மெதுவாக விடுங்கள். ராத்திரி படுக்கும் முன் பத்து முறை. வலி வரும் நாளில் உடம்பு அதைத் தானாக நினைவுபடுத்தும்.

*துணை:* உடன் வருபவர் பதறாதவராக இருக்கட்டும். அழுகிற அம்மாவைவிட நிதானமான அத்தை மேல்.

*பை:* தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், பாஸ்புக், துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தித் துணிகள், நாப்கின், பிளாஸ்க். ஒன்பதாம் மாதம் தொடங்கும்போதே கட்டி வாசல் பக்கம் வைத்துவிடுங்கள்.

*வண்டி:* ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் யார் வண்டி? மழையில் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் எந்த வழி? இதற்குப் பதில் தெரியாத வீடு இன்னும் தயாராகவில்லை. அதே ரத்த வகை உள்ள இரண்டு பேரின் நம்பரும் போனில் இருக்கட்டும்.

அந்த நாளில்

வலி விட்டு விட்டு வரும் தொடக்க நேரம் நீளமானது. தலைப்பிரசவத்தில் ஒரு நாள் முழுக்கக்கூட இழுக்கலாம். போனில் சொல்லி வைத்துவிட்டு, அந்த நேரத்தின் பெரும்பகுதியை வீட்டிலேயே கழிக்கலாம். வெந்நீரில் குளிக்கலாம், தோசை சாப்பிடலாம், திண்ணையில் நடக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடத்துக்கு மேல் என்று சீராகிவிட்டால் கிளம்ப வேண்டும். தூரத்து ஊர் என்றாலோ இரண்டாவது பிரசவம் என்றாலோ இன்னும் முன்பே கிளம்புங்கள்.

வலி சீக்கிரம் வர வேண்டும் என்று விளக்கெண்ணெய் குடிப்பது, வீட்டுக்கு ஆளை வரவழைத்து 'வலி ஊசி' போட்டுக்கொள்வது இரண்டும் வேண்டாம். முதலாவது வயிற்றுப்போக்கில் உடம்பை வற்ற வைக்கும். இரண்டாவது கர்ப்பப்பையையே கிழிக்கக்கூடும்.

வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் வலி வேகமெடுக்கும். அதிலிருந்து தலைப்பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம். 'மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை' என்பதை மட்டும் வைத்து அவசரப்படுத்த வேண்டியதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரை பொறுமைதான் மருந்து. குழந்தையின் இதயத்துடிப்பு தளர்கிறது என்று மருத்துவர் சொன்னால் அதற்குப் பிறகு பொறுமை மருந்தல்ல. அப்போது சிசேரியன் தோல்வியும் அல்ல.

பிறந்த குழந்தையைத் துடைத்து நேராக அம்மாவின் நெஞ்சில் போட வேண்டும். கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால் குழந்தைக்குக் கூடுதல் ரத்தம் போய்ச் சேரும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். சேனை தொட்டு வைக்கும் ஆசையை மட்டும் பெரியவர்கள் விட்டுவிடலாம். சீம்பாலுக்கு முன் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், தேனும் வேண்டாம்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

- விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, வலிப்பு
- எந்த அளவிலும் ரத்தப்போக்கு
- பனிக்குடம் உடைவது. தண்ணீர் பச்சையாக இருந்தால் இன்னும் அவசரம்
- குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது
- காய்ச்சல்
- பிரசவத்துக்குப் பின் ஒரு நாப்கின் சில நிமிடங்களில் நனைவது, மயக்கம்

வண்டி வருவதற்குள் பிறந்துவிட்டால்?

108-ஐ அழைத்து, போனை வைக்காமல் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தையை இழுக்காதீர்கள், தானாக வருவதைத் தாங்கிக்கொண்டால் போதும். துணியால் துடைத்து, அம்மாவின் வெற்று மார்பில் போட்டு, தலையோடு சேர்த்துப் போர்த்துங்கள். கொடியை வெட்டத் தேவையில்லை. நஞ்சை இழுக்கவே கூடாது. பால் குடிக்க விடுங்கள். அது கர்ப்பப்பை சுருங்கவும் உதவும். நஞ்சு வந்துவிட்டால் ஒரு பையில் போட்டுக் குழந்தையோடு எடுத்துப் போங்கள்.

மீண்டும் ஆயாவிடம்

ஆயாவின் வீட்டு உத்திரத்தில் இனி யாரும் கயிறு கட்டப் போவதில்லை. ஆனால் அந்த அறையில் அவருக்குக் கிடைத்த துணையும் பொறுமையும், பழகிய குரலும் இடுப்பைப் பிடித்துவிட்ட கையும் அந்த உத்திரத்தோடு போய்விட வேண்டியதில்லை. அவற்றைப் பிரசவ அறைக்குள் கூட்டிப்போக முடியும்.

"வீட்டுலயே பெத்துக்கட்டுமா?" என்று கேட்கும் பேத்திக்கு ஆயா சொல்லக்கூடிய நல்ல பதில் ஒன்று உண்டு. "அங்க போயே பெத்துக்க கண்ணு. நான் கூட வர்றேன்."